இடது முன்கையில் ஓநாய்

எனக்கு நாய் என்றால் பயம். கொஞ்சநஞ்சப் பயம் இல்லை. தெருமுனையில் ஒரு நாய் கொட்டாவி விட்டால் நான் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவள். பதினோராம் மாடியில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று, கீழே இருட்டுக் குழியைப் பார்த்தபடி கம்பி வடத்தைத் துடைப்பதில் எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. பதினாறு வருடமாக அதுதான் என் பிழைப்பு. அதே கட்டடத்தில் யாராவது கதவைத் திறந்து, "ஒண்ணும் பண்ணாது, வாங்க" என்று சொன்னால் கால் இரண்டும் கல்லாகிவிடும். எட்டு வயதில் என் இடது முன்கையைக் கவ்வியதும் ஒன்றும் பண்ணாத நாய்தான். தழும்பு மணிக்கட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி இன்றைக்கும் இருக்கிறது.

நாய் வளர்க்கும் கட்டடங்களுக்குப் போகவேண்டிய நாளில் மட்டும் எனக்குக் காய்ச்சல் வந்துவிடுவதை எங்கள் மேற்பார்வையாளர் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். மூன்று மாதத்துக்குள் எல்லாக் கட்டடத்துக்கும் போகவேண்டும், இல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியே கொடுத்தார். என் கணவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "நாய்தானே" என்றார். நாய்தானே என்று சொல்கிறவர்களை நாய் கடித்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பச்சை குத்துபவரின் கடை இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் பழுதானது. வேலை முடிந்து கை கழுவத் தண்ணீர் கேட்டேன். அவர் என் தழும்பைப் பார்த்தார்; எப்படி வந்தது என்று கேட்டார்; சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு கதை சொன்னார். வடக்குக் கடலோரத்தில் வைக்கிங் என்று ஒரு கூட்டம் இருந்ததாம். அவர்கள் புராணத்தில் ஃபென்ரிர் என்று ஓர் ஓநாய். அது வளர வளரத் தேவர்களுக்கே நடுக்கம். இரண்டு முறை இரும்புச் சங்கிலியால் கட்டினார்கள், இரண்டையும் அறுத்துப் போட்டது. மூன்றாவதாக ஒரு நாடா செய்தார்கள். பூனை நடக்கும் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில், இந்த ஆறையும் சேர்த்து முறுக்கியது. பட்டுத் துணி போல மெல்லிசு. அதை ஓநாயால் அறுக்க முடியவில்லை.

"பயம் எங்கயும் போகாதும்மா," என்றார் அவர். "அது பாட்டுக்கு இருக்கட்டும். ஆனா கட்டிப் போட்டிருக்கணும்."

எனக்கு இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. தழும்பின்மேலேயே அந்த ஓநாயைக் கட்டிப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வரைய மூன்று வாரம் ஆயிற்று. அந்த நாட்டுப் பழைய மரச் செதுக்கல்களின் படங்களை வைத்துக்கொண்டு தாள் தாளாகப் போட்டுக் கிழித்தார். விலங்கின் உடம்புக்கு இரட்டைக் கோடு. தோளிலும் இடுப்பிலும் நத்தைச் சுழி. கால் நகங்கள் தன் உடம்பையே பற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் நாடா. என் தழும்புதான் நாடாவின் முதல் இழை. அது ஓநாயைச் சுற்றி இருபத்துமூன்று இடத்தில் குறுக்கே போகிறது. ஓர் இடத்தில் மேலே போனால் அடுத்த இடத்தில் கீழே போயே ஆகவேண்டும்; அதுதான் அந்த வேலையின் உயிர். ஒன்று தவறினாலும் பார்க்க முடிச்சு மாதிரி இருக்கும், முடிச்சாக இருக்காது. அவர் காகிதத்தை நம்பாமல் ஒரு ஷூ கயிற்றை எடுத்து மேசைமேல் அப்படியே பின்னினார். நான் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தேன். வடம் பிடித்துப் பழகிய கை என்னுடையது. முடிச்சு இறுகியது. அன்று வீட்டுக்குப் போகும்போது எதிரே வந்த நாயை இரண்டு விநாடி நின்று பார்த்தேன். பிறகுதான் ஓடினேன்.

குத்த உட்காரலாம் என்றபோது அவர் தயங்கினார். விலங்கு உருவம் என்றால் தோற்பரப்பு உருவ ஒழுங்கு வாரியத்தின் அனுமதி வேண்டுமாம். பூவுக்கு வேண்டாம், பெயருக்கு வேண்டாம், பல் உள்ள எதற்கும் வேண்டும். ஒரு நாள் வேலைதான் என்று நினைத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வாரியத்தின் முகப்பில், "உங்கள் தோல், எங்கள் பொறுப்பு" என்று பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே ஜன்னலே இல்லாத நீளமான கூடம். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சட்டைக் கையை மடித்தோ கால்சட்டையைச் சுருட்டியோ காத்திருந்தார்கள். சட்டையைக் கழற்றியிருந்த ஒருவர் முதுகில் பாதி மீன் இருந்தது. மீதிப் பாதிக்கு ஏழு வருடமாக அனுமதி வரவில்லை என்று பக்கத்திலிருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

விலங்குப் பிரிவு எழுத்தர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட அம்மாள், படிவத்தை நிரப்பினார். ஓநாயின் வயது, பால், பல் எண்ணிக்கை. எந்தத் திசையைப் பார்க்கிறது? நான் பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போது அது யாரைப் பார்க்கும்? இடுப்பில் இருக்கும் சுழி வலம் சுற்றுகிறதா, இடம் சுற்றுகிறதா? நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். எதற்காக இந்த உருவம் என்ற கட்டத்தில், பயத்துக்காக என்று எழுதச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிவோடு பார்த்தார்.

"பயத்தைப் போக்கறது எங்க வேலை இல்லம்மா," என்றார். "அது சரியான படிவத்துல இருக்கான்னு பாக்கறதுதான் எங்க வேலை."

பிறகு நாடாவுக்கு வந்தார். கட்டும் பொருள் எதனால் ஆனது என்று காட்டச் சான்றிதழ் வேண்டும். ஆறு பொருள் என்றால் ஆறு சான்றிதழ். அது கதை என்றேன். கதை என்றால் யாருடைய கதை, அவர் ஒப்புதல் கடிதம் எங்கே என்றார். சான்றிதழே மேல் என்று பட்டது.

பூனை நடக்கும் சத்தத்துக்கு ஒலி அளவைப் பிரிவுக்குப் போனேன். மூன்று பேர் ஒரு பூனையை மேசைமேல் நடக்கவிட்டு, காதில் கருவி மாட்டிக்கொண்டு கேட்டார்கள். சத்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மலைக்கு வேர் இல்லை என்று சுரங்கப் பிரிவு எழுதிக் கொடுத்தது. மீன் மூச்சு விடுவதை மீன்பிடிப் பிரிவு தன் அளவில் உறுதி செய்யமுடியாது என்றது. பறவைக்கு எச்சில் இருக்கிறது, ஆனால் அது துப்பியதாகப் பதிவு இல்லை. கரடிக்கு நரம்பு உண்டு, ஆனால் கையிருப்பில் இல்லை. பெண்ணின் தாடிக்காக மருத்துவப் பிரிவில் ஓர் அதிகாரி என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. "இப்போதைக்கு இல்லை" என்று எழுதி, ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார்.

ஆறு இல்லாமைச் சான்றிதழ்களையும் பார்த்த எழுத்தர் அம்மாளுக்குப் பரம திருப்தி. ஆறு பொருளும் முறைப்படி இல்லாமல் இருக்கின்றன, ஒன்றுகூட முறை தவறி இருந்துவிடவில்லை என்றார். நாடாவுக்கு ஒப்புதல் கிடைத்தது. மூன்று மாதத்தில் எனக்கு எட்டே நாள் மீதி இருந்தது.

ஆனால் வாரியத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாம் கொடுக்கும் படத்தில் முத்திரை குத்தமாட்டார்கள். வாரியத்தின் நகல் வரைவாளர் அதைத் தன் கையால் மெல்லிய தாளில் எடுத்து வரைவார், அதற்குத்தான் முத்திரை. குத்தும்போது முத்திரைப் படத்தில் உள்ளபடியே குத்தவேண்டும், ஒரு மயிரிழை மாறினாலும் குற்றம். நகல் வரைவாளர் முப்பது வருட அனுபவசாலி. அவருக்கு நாடா மாறி மாறி ஏறி இறங்குவது பிடிக்காது, அழகாக இல்லை என்று நினைப்பவர். பதினேழாவது இடத்தில் கீழே போகவேண்டிய நாடாவை மேலே எடுத்துவிட்டார்.

அது எனக்குக் குத்திக்கொள்ளக் கடை நாற்காலியில் உட்கார்ந்தபிறகுதான் தெரிந்தது. பச்சை குத்துபவர் முத்திரைப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஷூ கயிற்றைப் பின்னினார். முகம் மாறியது. முனையை என் கையில் கொடுத்தார். இழுத்தேன். மொத்தப் பின்னலும் சரசரவென்று அவிழ்ந்து வெறும் கயிறாக என் மடியில் விழுந்தது.

பக்கத்தில் வாரியத்தின் மேற்பார்வை ஆய்வாளர் பூதக்கண்ணாடியோடு நின்றிருந்தார். இந்தப் படம் தப்பு, முடிச்சு நிற்காது என்று பச்சை குத்துபவர் காட்டினார். முத்திரை உள்ள படம் தப்பாக இருக்கமுடியாது என்றார் ஆய்வாளர். திருத்தவேண்டும் என்றால் புது விண்ணப்பம், புதிதாக ஆறு சான்றிதழ். அதற்குள் என் வேலை போய்விடும். வேண்டாம், எழுந்துபோகிறேன் என்றேன். அனுமதி வாங்கிவிட்டுக் குத்திக்கொள்ளாமல் இருப்பது, வாரியத்தின் நேரத்தை வீணடித்த குற்றமாம். தண்டனையைப் படித்துக் காட்டினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே பூசாரி கட்டாயமாகக் கொடுத்தார்.

ஐந்து மணி நேரம் ஊசி ஓடியது. பதினேழாவது இடத்தில் பச்சை குத்துபவர் கை ஒரு கணம் நின்றது. "மன்னிச்சுக்கம்மா," என்று முணுமுணுத்துவிட்டு, மேலே போகும்படி குத்தினார். ஓநாய் அத்தனை உயிர்ப்பாக வந்திருந்தது. அதனாலேயே என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கட்டு அவிழ்ந்த ஓநாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நான் எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போவது?

நான்காம் நாள் வாரியத்திலிருந்து ஆள் வந்தது. குத்தியபின் சரிபார்க்கும் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். அதற்கும் குத்துமுன் பார்க்கும் பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவர்கள் நாடாவை எண்ணிப் பார்த்து, பதினேழாவது இடத்தில் பிழையைக் கண்டுபிடித்தார்கள். அபாயகரமான பிராணியைச் சரியாகக் கட்டாமல் பொது இடத்தில் கொண்டுபோகிறேன் என்று எனக்கு அழைப்பாணை.

விசாரணையில் வாரியத் தலைவர் மேசைக்கு அந்தப் பக்கம், சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். என் கையை நீட்டச் சொல்லிவிட்டு, நீட்டியதும் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். உங்கள் வரைவாளர் போட்ட படம்தான் ஐயா இது என்றேன். அவர் முத்திரைப் படத்தையும் என் கையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன. அதற்காக என்னைப் பாராட்டினார்.

"பாருங்கம்மா, வாரியம் தப்பு பண்ணிச்சுன்னு வச்சுக்கங்க," என்றார். "அப்ப இதுவரைக்கும் நாங்க முத்திரை போட்ட அத்தனை பேர் தோலையும் திரும்பப் பாக்கணும். ஊர்ல எவ்வளவு பயம் வரும்? ஜனங்க பயப்படக் கூடாது. அதுக்கு ஒருத்தர் பயந்தாப் போதும்னா, அதுல என்ன தப்பு?"

அந்த ஒருத்தர் நான்தான் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஓநாயைக் கட்டுக்குள் கொண்டுவரவேண்டும் என்ற தீர்ப்பு கால்நடைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. அவர்கள் முறைப்படி நடந்துகொண்டார்கள். முதலில் ஓநாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி; என் தோள்பட்டையில் போடக் கேட்டேன், தோள்பட்டை பிராணி இல்லை என்று முன்கையிலேயே, ஓநாயின் தொடையில் போட்டார்கள். பிறகு கடிக்கும் நாய்க்கு மாட்டுவது போன்ற தோல் வாய்க்கூடு ஒன்றை முன்கைமேல் மாட்டிப் பூட்டினார்கள். அதோடு வேலைக்குப் போனேன். லிஃப்டில் ஏறியவர்கள் என்னைப் பார்த்ததும் அடுத்த மாடியில் இறங்கினார்கள். ஒரு பெண்மணி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "ஒண்ணும் பண்ணாது, வாங்க," என்று என் வாயிலிருந்தே வந்தது. சொன்னபிறகு எனக்கு அழுகையாக வந்தது.

மேற்பார்வையாளர் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. கையில் பூட்டுப் போட்டிருப்பவளை நீக்க அவருக்குத் துணிவில்லை. அதற்குள் அடுத்த உத்தரவு வந்துவிட்டது. பத்து நாள் ஓநாயைக் கவனிப்பில் வைக்கவேண்டும். கவனிப்புக் கூடம் என்றால் பிடித்த நாய்களை அடைத்துவைக்கும் இடம்.

கணவர் பை எடுத்துக்கொண்டு கூட வந்தார். பத்து நாள் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், மறுத்துப் பேசி வம்பு வளர்க்காதே என்றார். வாசலில் என்னை விட்டுவிட்டு, நாய்கள் குரைத்ததும் வேகமாகப் போய்விட்டார்.

நீளமான தகரக் கொட்டகை. ஒரு பக்கம் கம்பி வலை போட்ட பெரிய அடைப்பு. அதில் பதினான்கு நாய்கள். எதிர்ப்பக்கம் எனக்கு ஒரு கட்டில். நடுவில் சிமெண்ட் நடைபாதை. முதல் நான்கு நாள் நான் கட்டிலின் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேயிருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்; எனக்குப் பட்டப்பகலிலேயே பதினான்கு பேய். ஒன்று இருமினால்கூடப் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். நாய்கள் என்னைப் பார்க்கவே இல்லை. அவை பார்த்துக்கொண்டிருந்தது வாசல் கதவை. நடைபாதையில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் பதினான்கும் வாலைக் கால்களுக்கிடையில் செருகிக்கொண்டு பின்சுவரோடு ஒட்டிக்கொண்டன. திரும்பிப் பார்த்தால் நானும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கவனிப்பு அதிகாரி வந்து, என் கையைக் குனிந்து பார்த்து, ஓநாய் சாப்பிட்டதா என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். அவர் போனபிறகு நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

பத்தாம் நாள் காலை கவனிப்பு அதிகாரி அறிக்கையோடு வந்தார். கூடவே இரண்டு பணியாளர்கள் சக்கரம் வைத்த ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதன்மேல் வெள்ளைத் துணி மூடியிருந்தது. அதிகாரி வாய்க்கூட்டைக் கழற்றினார். நல்ல செய்தி என்று படித்தார். ஓநாய்: யாரையும் கடிக்க முயலவில்லை, வாயில் நுரை இல்லை, அமைதியாக உள்ளது, பூரண ஆரோக்கியம், விடுவிக்கலாம். நான் எழுந்து பையை எடுத்தேன். உட்காருங்கள், இன்னொரு பக்கம் இருக்கிறது என்றார். வைத்திருப்பவர்: தூக்கமில்லை, உணவு வெறுப்பு, காலடிச் சத்தத்துக்கு நடுக்கம், வேர்வை. வெறிநோய்ச் சந்தேகம். தொடர்ந்து கவனிப்பில் வைக்கவும்.

எனக்குப் புரியவில்லை. ஓநாய் போகலாம், நான் போகக்கூடாது என்றால் எப்படி என்று கேட்டேன்.

"அதான் சிக்கல்," என்றார் அவர் பொறுமையாக. "ஆரோக்கியமான பிராணியை நோய்ச் சந்தேகம் இருக்கறவங்களோட வைக்கறது சட்டப்படி கொடுமை. நாங்க கொடுமைக்கு இடம் கொடுக்கறதில்ல. அதனால பிரிக்கறோம்."

ஒரு தாளை என்முன் நீட்டினார். சாட்சி என்ற இடத்தில் என் கணவரின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. வீட்டுக்கு அனுப்பும் படிவம் என்று சொல்லி வாங்கியிருப்பார்கள். அவர் எதையும் படித்துப் பார்க்கிற ஆளில்லை. அவர்மேல் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"நீங்க எந்தக் கையால கையெழுத்து போடுவீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"வலது கை."

அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு நிம்மதி பரவியது. "அப்ப ஒரு சிரமமும் இல்ல," என்றார்.

பணியாளர்களில் ஒருவர் வண்டியின் துணியை விலக்கினார். அதில் என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. பளபளப்பாக இருந்தது, வரிசையாக இருந்தது. வாசல் கதவை அவர்கள் மறைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பின்னால் நாய் அடைப்பு. அதன் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள், தாழ்ப்பாளில் திறந்தபடி தொங்கும் ஒரு பூட்டு. என் கால்கள் நடுங்கின. எட்டு வயதிலிருந்து நடுங்கிக்கொண்டிருக்கும் கால்கள்தான். அவற்றோடேயே பூட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, நாய்களுக்கு நடுவே நுழைந்தேன். பதினான்கும் எழுந்து நின்றன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏதோ ஒன்றின் ஈர மூக்கு என் முழங்காலில் பட்டது, பிறகு என் மணிக்கட்டில், பிறகு ஓநாயின்மேல். முகர்ந்து பார்த்துவிட்டு அது என் காலடியில் படுத்துக்கொண்டது.

கண்ணைத் திறந்தபோது அதிகாரியும் பணியாளர்களும் நடைபாதையின் அந்தக் கோடிக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கு நாய் என்றால் பயமாம். அதிகாரி படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தூரத்திலிருந்தே, உண்மையான அக்கறையோடு கூப்பிட்டார். "வெளிய வந்துடுங்கம்மா. உள்ள ரொம்ப ஆபத்து."

நான் இடது கையைக் கம்பி வலையின் இடைவெளியில் வெளியே விட்டு, தாழ்ப்பாளைத் தள்ளி, பூட்டை மாட்டி அழுத்திவிட்டு, கையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.